விஜயவாடா பெட்டைக்கு எந்த ஆண்? பந்தயப் புறா ஜோடி சேர்க்க மூன்று வழிகள்

கொருக்குப்பேட்டையில் மொட்டை மாடியில் ஹோமர் (வீடு திரும்பும் பந்தயப் புறா) வளர்க்கும் தம்பி ஒருவரிடம் ஒரு ப்ளூ பார், அதாவது சிறகில் கறுப்புப் பட்டை ஓடும் நீலநிறப் பெட்டை இருக்கிறது. காலில் போட்ட ரிங் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து அதை 447 என்றே கூப்பிடுகிறார். இரண்டு சீசனும் விஜயவாடாவில் திறந்துவிட்ட அன்றைக்கே வீடு வந்து சேர்ந்த புறா. இனி அதைப் பந்தயத்துக்கு அனுப்பாமல் குஞ்சுக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார். "அண்ணே, எந்த ஆணைப் போடலாம்?" என்பதுதான் இப்போது கேள்வி.

அவர் முன்னால் மூன்று ஆண்கள். முதலாவது, 447-க்கு அப்பா வழித் தம்பி. இரண்டுக்கும் அப்பா ஒன்று, அம்மா வேறு. அந்த அப்பா, வீட்டில் எல்லோரும் 'பழைய ஆண்' என்று சொல்லும் புறா, போன மழைக்காலத்தில் செத்துப்போனது. இரண்டாவது, ஐந்து தலைமுறை பெடிகிரி (வம்சாவளி) சீட்டோடு நல்ல விலை கொடுத்து வாங்கிய செக்கர், அதாவது சிறகில் கட்டம் கட்டமாக இருக்கும் புறா. அது ஒரு பந்தயத்திலும் பறந்ததில்லை, குஞ்சும் எடுத்ததில்லை. மூன்றாவது, பழைய வண்ணாரப்பேட்டை நண்பர் ஒரு சீசனுக்கு இரவல் தருவதாகச் சொன்ன மீலி, அதாவது சாம்பல் சிவப்பு நிறப் புறா. அதற்குச் சீட்டே கிடையாது. ஆனால் இரண்டு சீசன் வாரங்கல் போய்த் திரும்பியிருக்கிறது.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு மாடியில் இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் சீட்டில் இருக்கும் பெயரைப் பார்த்தோ, பூதக்கண்ணாடி வைத்து ஆணின் கண்ணைப் பார்த்தோ முடிவெடுக்கிறார்கள். கண் பார்த்து ஜோடி சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதை இங்கே எடுக்கப் போவதில்லை. சீட்டை எப்படிப் படிப்பது, அதிலிருந்து இந்த மூன்று ஆண்களில் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பார்ப்போம்.

எதற்காகக் குஞ்சு எடுக்கிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். நம் பந்தயப் பாதை வடக்கே போகிறது. நேர்கோட்டில் அளந்தால் நெல்லூர் சுமார் 150 கி.மீ., ஓங்கோல் 265, விஜயவாடா 380, வாரங்கல் 540, நாக்பூர் 900. நிமிடத்துக்கு 1,100 மீட்டர் போடும் புறாவுக்கு விஜயவாடாவிலிருந்து வர 5 மணி 45 நிமிடம் ஆகும். காலை ஆறரைக்குத் திறந்தால் பன்னிரண்டேகாலுக்கு மாடியில் இறங்க வேண்டும். கடைசி முக்கால் மணி நேரம் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, எண்ணூர் என்று உச்சி வெயிலில், கடல் காற்று கிளம்புகிற நேரத்தில் பறக்க வேண்டியிருக்கிறது. வல்லூறு வேறு. அந்த முக்கால் மணி நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு ஏதோ ஒரு மரத்தில் உட்கார்ந்துவிடாத புறாதான் நமக்கு வேண்டும். பெல்ஜியத்தின் குளிர்ந்த வானத்தில் 100, 200 கி.மீ. பந்தயத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரத்தம் அருமையானதாகவே இருக்கலாம். நம்முடைய வெயிலில் அது பரீட்சை எழுதவில்லை, அவ்வளவுதான்.

சரி, சீட்டுக்கு வருவோம். ஐந்து தலைமுறைச் சீட்டில் 62 பெயர்கள் இருக்கும்: 2, 4, 8, 16, 32. அப்பா அம்மாவிடமிருந்து பாதிப் பாதி வருகிறது. தாத்தா பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாக 25 சதவீதம், அதற்கு மேலே 12.5, அப்புறம் 6.25. ஐந்தாவது வரிசையில் நிற்கும் ஒரு புறாவின் பங்கு சராசரியாக 3.125 சதவீதம். விற்பவர் தடித்த எழுத்தில் போடுவது பல சமயம் அந்த ஐந்தாவது வரிசைப் பெயரைத்தான். பெல்ஜியத்தின் ஆரென்டோங்க் ஊர் யான்சென் சகோதரர்களின் பெயர் எத்தனையோ சீட்டுகளில் இப்படித்தான் ஓரத்தில் நிற்கிறது. 2019-ல் அர்மாண்டோ என்ற ஆண் 12.5 லட்சம் யூரோவுக்கும், 2020-ல் நியூ கிம் என்ற பெட்டை 16 லட்சம் யூரோவுக்கும் ஏலம் போன பிறகு பெயருக்கு மவுசு இன்னும் கூடிவிட்டது. அந்தப் புறாக்கள் அந்த விலைக்குத் தகுதியானவையாக இருக்கலாம். ஆனால் 3.125 சதவீதத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது வேறு கணக்கு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சீட்டில் 'ஓங்கோல் முதல் பரிசு' என்று இருக்கும். அந்த ஆணுக்குப் பிறந்த எத்தனை குஞ்சுகளைக் கூடையில் ஏற்றினார்கள், எத்தனை திரும்பி வந்தன என்பது இருக்காது. இருபது அனுப்பி, பன்னிரண்டு தொலைந்து, ஒன்று முதல் பரிசு வாங்கியிருந்தால் சீட்டில் ஏறுவது அந்த ஒன்று மட்டும்தான். எட்டு அனுப்பி ஏழு திரும்பி, எதுவும் முதல் பரிசு வாங்காத இன்னோர் ஆண் சீட்டில் வெறும் ரிங் எண்ணாக நிற்கும். என்னைக் கேட்டால் நான் இரண்டாவது ஆணுக்குத்தான் போவேன். மொத்தம் எத்தனை என்ற எண் இல்லாத பரிசை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அப்புறம், சீட்டு மேல்நோக்கி மட்டுமே போகிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கு அதில் கட்டம் கிடையாது. குஞ்சுகளுக்கும் கிடையாது. ஆனால் கூடப்பிறந்த புறா ஒன்று, அப்பாவோ அம்மாவோ பகிர்ந்துகொள்கிற அளவுக்கே ரத்தத்தைப் பகிர்ந்துகொள்கிறது: சராசரி 50 சதவீதம். கொள்ளுத்தாத்தாவின் நாலு மடங்கு. ஓர் ஆணைப் பற்றித் தெரிந்துகொள்ள அதன் கொள்ளுத்தாத்தா 1990-களில் என்ன வென்றது என்று படிப்பதைவிட, அதன் கூடப்பிறந்தவை போன சீசனில் வீடு வந்தனவா என்று விசாரிப்பது பல மடங்கு பயனுள்ளது. அதற்கும் மேலே ஒரு சாட்சி உண்டென்றால் அது அந்த ஆணுக்கு ஏற்கெனவே பிறந்து பறந்த குஞ்சுகள்தான். பந்தயத் திறமையில் பிறப்பு கொடுப்பது ஒரு பங்கு. மீதி தீனி, பயிற்சி, உடம்பு, அன்றைய காற்று, அதிர்ஷ்டம். அதனால் ஒரு புறாவின் ஒரு வெற்றியை நம்ப முடியாது. பல குஞ்சுகளில் திரும்பத் திரும்பத் தெரிவதை நம்பலாம். ஆகவே பக்கத்திலும் கீழேயும் பாருங்கள், மேலே கடைசியாகப் பாருங்கள்.

கிரேஹவுண்ட் பந்தய நாய் வளர்ப்பவர்கள் வம்சக் கணக்கில் நம்மைவிட வெகுதூரம் போனவர்கள். இங்கிலாந்தில் அவர்களுடைய வம்சப் பதிவேடு 1882 முதல் இருக்கிறது. நாயின் காதில் பச்சை குத்தி அடையாளம் வைக்கிறார்கள். செயற்கைக் கருவூட்டலில் ஒரு நல்ல ஆணுக்கு நூற்றுக்கணக்கில் குட்டிகள் பிறக்கின்றன. ஒவ்வொரு குட்டியும் குறிப்பிட்ட தூரத்தில், வேலி போட்ட தடத்தில், நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கப்பட்டு ஓடுகிறது. அவ்வளவு குட்டிகள் இருந்தால், 'இந்த ஆண், அந்த ஆணின் மகள்களோடு சேர்ந்தால் நன்றாக வருகிறது' என்று எண்களை வைத்துச் சொல்ல முடியும். அந்தப் பேச்சை அப்படியே நம் மாடிக்குக் கொண்டுவருவதில்தான் சிக்கல். நம் ஜோடி ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும். வருஷத்துக்கு எட்டுக் குஞ்சு தேறினால் பெரிய விஷயம். எட்டுக் குஞ்சை வைத்துக்கொண்டு 'இந்த லைனுக்கு (வம்சத்துக்கு) அந்த லைன் ஒத்துப்போகிறது' என்று சொல்வது வெறும் ஆசை.

அவர்களிடமும் குதிரைக்காரர்களிடமும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: தாய் வழியைக் கவனிப்பது. 1973-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற செக்ரடேரியட்டுக்குப் பிறந்த ஆண் குதிரைகளில் அதற்கு நிகராக எதுவும் வரவில்லை. ஆனால் அதன் மகள்களின் வயிற்றில் ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி என்று இரண்டு மாபெரும் பொலிகுதிரைகள் பிறந்தன. புறாவிலும் தசைக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. 447 போன்ற ஒரு பெட்டை கையில் இருக்கும்போது அதன் மகள்களைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்ற வேண்டியதற்கு அது ஒரு காரணம். நம் ஆட்களோ பெட்டையை எளிதாக விற்றுவிடுகிறார்கள்.

இனி ஆண்களைப் பார்ப்போம்.

அப்பா வழித் தம்பியைப் போட்டால் என்ன ஆகும்? 1922-ல் சூவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் கொடுத்த சூத்திரம் ஒன்று இருக்கிறது. மாடிச் சுவரில் கரியால் எழுதிப் போடக்கூடிய கணக்குதான். ஆணிலிருந்து கிளம்பி, இருவருக்கும் பொதுவான மூதாதை வரை மேலே ஏறி, மறுபக்கம் பெட்டை வரை இறங்க வேண்டும். வழியில் எத்தனை புறா என்று எண்ண வேண்டும். தம்பி, பழைய ஆண், 447: மூன்று. பாதியை மூன்று தடவை பெருக்கினால் எட்டில் ஒன்று, அதாவது 12.5 சதவீதம். பிறக்கிற குஞ்சில் எந்த ஒரு மரபணுவை எடுத்தாலும், அதன் இரண்டு பிரதிகளும் பழைய ஆணின் ஒரே பிரதியிலிருந்து வந்தவையாக இருக்கும் வாய்ப்பு அவ்வளவு. கூடப்பிறந்த அண்ணன் தங்கையையே சேர்த்தால் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு பாதை, மொத்தம் 25. சில பேர் அதையும் செய்கிறார்கள். ஒரு சின்ன மாடியில் அதற்கு அவசியமே இல்லை என்பது என் கருத்து.

12.5-ல் கிடைக்கும் லாபம் பெரியது. இரண்டு பக்கமும் பழைய ஆணின் ரத்தம் பாதிப் பாதி இருப்பதால், குஞ்சிலும் அது சராசரியாகப் பாதி இருக்கும். செத்துப்போன ஆணுக்கு நேராகப் பிறந்த குஞ்சில் எவ்வளவு இருக்குமோ அதே அளவு. அதை இழந்த மாடியில் அதன் ரத்தத்தைக் கரையாமல் பிடித்துவைக்க இதைவிட நல்ல வழி இல்லை. பழைய ஆண் அதற்குத் தகுதியானதா? புறா வளர்க்கும் தம்பியின் நோட்டைப் புரட்டினால் தெரிகிறது: வெவ்வேறு பெட்டைகளோடு சேர்த்தும் அதன் குஞ்சுகள் ஓங்கோலைத் தாண்டி நிலையாக வந்திருக்கின்றன. வெவ்வேறு பெட்டைகள் என்பதுதான் முக்கியம். அப்போதுதான் பெருமை ஆணைச் சேரும்.

நஷ்டமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பழைய ஆண் ஏதாவது ஒரு குறையை ஒற்றைப் பிரதியாக ஒளித்துவைத்திருந்தால், அது இங்கே இரட்டையாகி வெளியே வரும். முட்டைக்குள்ளேயே செத்துப்போகும் குஞ்சு, எடை ஏறாத குஞ்சு, இறகு தாமதமாக வருகிற குஞ்சு, மழைக்காலத்தில் முதலில் நோயில் விழுகிற குஞ்சு. இப்படிப் பிறந்ததை விஜயவாடாவுக்கு அனுப்பிவிட்டு ரத்தம் கெட்டுப்போச்சு என்று புலம்புவதில் நியாயமில்லை. இந்த ஜோடியின் குஞ்சு பந்தயத்துக்கு எடுப்பதல்ல, விதைநெல் மாதிரி எடுத்துவைப்பது.

சீட்டு செக்கரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது பறக்கவில்லை, அதன் குஞ்சும் பறக்கவில்லை. கூடப்பிறந்தவை எங்கே இருக்கின்றன என்று விற்றவரிடம் கேட்டதற்குப் பதில் இல்லை. சீட்டில் பெரிய பெயர் நாலாவது வரிசையில், 6.25 சதவீதம். அதற்கு 447-ன் ஒரு வருஷத்தைக் கொடுப்பது அநியாயம். பெட்டைக்கு நல்ல வருஷங்கள் எண்ணிக்கையில் அடங்கியவை. செக்கரைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஓங்கோல் தாண்டி வந்த வேறொரு சாதாரணப் பெட்டையோடு போட்டு, குஞ்சுகளை நெல்லூர், ஓங்கோல் அனுப்பிப் பார்க்கலாம். வந்தால் அடுத்த வருஷம் பேசலாம்.

மீலியின் கதை நேர்மாறு. மேலே ஒன்றும் தெரியாது, கீழே நிறையத் தெரியும். போன சீசனில் அதன் குஞ்சுகள் ஆறு விஜயவாடாவுக்குப் போய் ஐந்து வந்தன, அதில் மூன்று அன்றைக்கே. அதுவே வாரங்கலிலிருந்து இரண்டு சீசன் திரும்பியிருக்கிறது. நம் பாதையில், நம் வெயிலில், நம் கடல் காற்றில் எழுதிய பரீட்சை அது. ஆறு என்பது சின்ன எண்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செக்கரிடம் இருப்பது பூஜ்யம். அதோடு, உறவில்லாத இரண்டு லைன் சேரும்போது முதல் தலைமுறைக் குஞ்சுகளில் பொதுவாக உயிர்ப்பு கூடுதலாக இருக்கும். ஒரு பக்கத்துக் குறையை மறுபக்கத்து நல்ல பிரதி மறைத்துவிடுகிறது. வெயிலில் பறக்க வேண்டிய குஞ்சுக்கு அது வேண்டும்.

உறவில்லாதது என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். வடசென்னையில் ஒரு மாடியில் ஓர் ஆண் பேர் வாங்கினால் இரண்டு மூன்று வருஷத்தில் அதன் குஞ்சுகள் காசிமேட்டிலிருந்து கொளத்தூர் வரை பரவிவிடும். மீலியின் அப்பா யாரிடம் வாங்கியது என்று பழைய வண்ணாரப்பேட்டை நண்பரிடம் உட்கார்ந்து பேசினால், கடைசியில் அது பழைய ஆணின் கூடப்பிறந்ததாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்படியிருந்தாலும் ஜோடி கெட்டுப்போகாது, ஆனால் இது புது ரத்தம் என்ற கணக்கு மாறிவிடும். ஒரு டீ செலவில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது.

வெளி ரத்தத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இரண்டாவது தலைமுறை. 447-க்கும் மீலிக்கும் பிறந்த அண்ணன் தங்கையை அடுத்த வருஷம் சேர்த்தாலோ, முதல் தலைமுறை நன்றாக வந்ததே என்று இன்னொரு புது லைனைக் கொண்டுவந்தாலோ குஞ்சுகள் ஆளுக்கொரு மாதிரி சிதறும். நாலு வருஷம் கழித்து மாடியில் எந்த லைனும் இருக்காது, சுமாரான புறாக்கள் மட்டும் நிறைய இருக்கும். அதற்குத்தான் தம்பி ஆணிடம் எடுத்துவைத்த ரத்தம் தேவைப்படுகிறது.

ஆகவே என் முடிவு, மீலிக்கு முக்கியப் பங்கு, தம்பிக்குச் சின்னப் பங்கு. முதலில் மீலியோடு இரண்டு ஈடு, குஞ்சுகள் பந்தயத்துக்கு. அப்புறம் அப்பா வழித் தம்பியோடு ஒரே ஓர் ஈடு, அதில் நன்றாக வளர்கிற பெட்டைக் குஞ்சு இருந்தால் பறக்க விடாமல் வைத்துக்கொள்வது. ஒரு சீசன் பார்த்துவிட்டு, மீலிக்கும் 447-க்கும் பிறந்து நன்றாக வந்த ஒரு மகளைத் தம்பி ஆணோடு சேர்க்கலாம். அந்தக் குஞ்சுக்கு ரைட் கணக்குப் போட்டால் வழியில் நாலு புறா: தம்பி, பழைய ஆண், 447, மகள். பதினாறில் ஒன்று, 6.25 சதவீதம். பழைய ஆணின் ரத்தம் 37.5 சதவீதம் மிஞ்சுகிறது. ரத்தம் நிற்கிறது, நெருக்கம் பாதியாகிறது, மீலியின் வெயில் தாங்கும் உடம்பும் கொஞ்சம் உள்ளே வந்துவிடுகிறது. சின்ன மாடிக்கு இதைவிட நல்ல இரண்டு வருஷத் திட்டம் எனக்குத் தெரியவில்லை.

இத்தனை கணக்கும் அப்பா யார் என்பது நிஜமாக இருந்தால்தான் செல்லும். ஜோடிப் புறா விசுவாசமானது என்று சொல்வார்கள், ஆனால் எல்லாம் ஒன்றாகத் திரியும் கூண்டில் வேறோர் ஆண் மிதித்துவிடுவது நடப்பதுதான். பெட்டையின் உடம்பில் விந்து சில நாள் தங்கும். அதனால் ஜோடியைத் தனிப் பெட்டியில் அடைத்துவைப்பதும், மீலியை எடுத்த பிறகு 447-ஐ இரண்டு வாரம் தனியாக வைத்து அப்புறம் தம்பியைப் போடுவதும் கட்டாயம்.

நிறமும் ஒரு காவல்காரன். 447 நீலம், தம்பி ஆணும் நீலம். நீலத்துக்கும் நீலத்துக்கும் மீலியோ ரெட் செக்கரோ பிறக்கவே முடியாது, ஏனென்றால் அந்தச் சாம்பல் சிவப்பு ஓங்கி நிற்கும் நிறம், ஒற்றைப் பிரதி இருந்தாலே வெளியே தெரிந்துவிடும். அந்த ஈட்டில் மீலிக் குஞ்சு வந்தால் அப்பா யார் என்று சொல்லத் தேவையில்லை. வாலைப் பார்க்க மறக்கக் கூடாது. மீலிக்கும் ரெட் செக்கருக்கும் உடம்பில் சிவப்பு இருந்தாலும் வால் வெளிறிய சாம்பலாக இருக்கும். வால் வரைக்கும் ஒரே சிவப்பாக இருந்தால் அது வேறு மரபணு, இரண்டு நீலப் புறாக்களும் ஒளித்துவைத்துக் கொடுக்கக்கூடியது. அந்தக் குஞ்சை வைத்துப் பெட்டையைச் சந்தேகப்படக் கூடாது. விலையுயர்ந்த ஜோடியென்றால் இறகைப் பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்புவது எல்லாவற்றையும் விடச் சரி.

குஞ்சு பிறந்து ஒரு வாரம் வாக்கில், கால் தடிப்பதற்குள் ரிங் போட வேண்டும். அன்றைக்கே நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும்: அப்பா, அம்மா, எந்த ஈடு, முட்டை இரண்டும் பொரிந்ததா, நிறம். அனுப்பிய ஒவ்வொரு ஊருக்கும் எதிரே வந்த நேரம், அல்லது வரவில்லை என்பது. வராததை எழுதாத நோட்டு விற்பவரின் சீட்டைப் போலத்தான் ஆகிவிடும்.

447-ன் முட்டைகளை வளர்ப்பு ஜோடிக்கு மாற்றினால் அதே காலத்தில் ஓர் ஈடு கூடுதலாக எடுக்கலாம். வளர்ப்பு ஜோடியும் இரண்டு மூன்று நாள் வித்தியாசத்துக்குள் முட்டையிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் குஞ்சு பொரியும்போது அவற்றின் தொண்டைப்பையில் பால் சுரந்திருக்காது. அதற்காகப் பெட்டையை ஓயாமல் முட்டையிட வைத்துவிடவும் கூடாது. இந்த வருஷம் மூன்று ஈடு, வளர்ப்பு ஜோடி வாய்த்தால் நாலு, அதோடு 447-ஐத் தனியாக எடுத்து ஓய்வு கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.